கைத்தொலைபேசிச் செயலிக்கு எந்த மொழி, எந்தக் கருவி? வலிகாமத்து விவசாயிகள் சங்கம் ஒன்றுக்காக ஓர் ஆலோசனை

நீர்வேலி வாழை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். இறுதியாண்டு மாணவர்களாகிய நாங்கள் மூவர், வலிகாமம் கிழக்கில் இயங்கும் சிறிய விவசாயிகள் சங்கம் ஒன்றுக்குச் செயலி செய்து கொடுக்க ஒப்புக்கொண்டிருக்கிறோம். சங்கத்தின் சேகரிப்பாளர்கள் விடியற்காலையில் தோட்டம் தோட்டமாகச் சென்று கதலி, கப்பல், இதரை வாழைக் குலைகளை நிறுத்து, நிறையையும் அன்றைய விலையையும் கொப்பியில் எழுதித் துண்டைக் கிழித்து விவசாயியிடம் கொடுக்கிறார்கள். பின்னேரம் காரியாலயத்தில் ஒருவர் அந்தக் கொப்பிகளையெல்லாம் பார்த்துப் பேரேட்டில் பதிகிறார். துண்டு தொலைந்தால் கணக்கில் பிணக்கு. கொப்பி நனைந்தால் அன்றைய நாளே இல்லை. இதைத்தான் செயலியாக்க வேண்டும்.

அன்ட்ரொய்டுக்கும் ஐபோனுக்கும் ஒரே நிரலில் செயலி எழுத உதவும் கருவிகளில் எங்களுக்குள் ஒருவர் ஃப்ளட்டர் என்கிறார், மற்றவர் ரியாக்ட் நேட்டிவ் என்கிறார்; நான் அன்ட்ரொய்ட் செயலிகளுக்கான கொட்லின் மொழியைப் படிக்கத் தொடங்கியிருக்கிறேன். மூவரிடமும் இருப்பவை 8 ஜிபி நினைவகம் கொண்ட விண்டோஸ் மடிக்கணினிகள்; மக் கணினி ஒருவரிடமும் இல்லை. அத்துடன் கனடாவிலும் லண்டனிலும் இருக்கும் சில உறுப்பினர்களின் பிள்ளைகள், ஊரிலுள்ள பெற்றோரின் கணக்கை ஐபோனில் பார்க்க முடியுமா என்று கேட்கிறார்கள். எந்த மொழியில் தொடங்குவது என்று அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டும்.

கரவெட்டியான் எழுதியது:

தங்கச்சி, சேகரிப்பாளர்களின் கையில் இருக்கும் தொலைபேசிகள் எவை, அவற்றில் ஓடுவது அன்ட்ரொய்டின் எந்தப் பதிப்பு, தோட்டத்தில் சிக்னல் எப்படி என்ற விபரங்களை நீங்கள் எழுதவில்லை. மொழியைத் தீர்மானிப்பவை அவைதான். எனினும் அவர்கள் எல்லோரும் அன்ட்ரொய்ட் வைத்திருக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டு சொல்கிறேன்: கொட்லினை விட வேண்டாம்.

அன்ட்ரொய்ட் தொலைபேசி 2008இல் சந்தைக்கு வந்தபோது செயலிகள் ஜாவாவில் எழுதப்பட்டன. ஜெட்பிரெயின்ஸ் நிறுவனம் உருவாக்கிய கொட்லினை 2017இல் கூகுள் அதிகாரபூர்வமாக ஏற்றது. 2019இல் இனிக் கொட்லினுக்கே முதலிடம் என்று அறிவித்தது. 2021 ஜூலையில், திரைகளையும் கொட்லினிலேயே எழுத உதவும் ஜெட்பக் கொம்போஸின் முதல் நிலையான பதிப்பு வந்த பிறகு, திரையை எக்ஸ்எம்எல் கோப்பில் ஒருபுறமும் நிரலில் மறுபுறமுமாக எழுத வேண்டிய தேவையும் போய்விட்டது. ஆகவே இணையத்தில் பழைய பாடங்களைப் பார்த்துப் படிக்காதீர்கள். ஆண்டைக் கவனித்துப் படியுங்கள்.

ஜாவா தெரிந்தவருக்குக் கொட்லின் சில வாரங்களில் கைக்கு வந்துவிடும். அதில் நான் மிகவும் மதிப்பது வெற்று மதிப்பைக் கையாளும் முறை. ஒரு விவசாயியின் தொலைபேசி இலக்கம் இல்லாமலும் இருக்கலாம் என்றால், அந்தப் புலத்தின் வகைக்குப் பின்னால் கேள்விக்குறி இட வேண்டும். இட்ட பிறகு, இலக்கம் இல்லாத நிலைக்கு என்ன செய்வது என்று எழுதாமல் அதைப் பயன்படுத்த, நிரலைக் கணினி மொழிக்கு மாற்றும் நிரல்பெயர்ப்பி விடாது. தோட்டத்தில் குலை நிறுக்கும் நேரத்தில் செயலி சடாரென்று மூடிக்கொள்வதற்கான காரணங்களில் மிகப் பெரியது இதனால் உங்கள் மேசையிலேயே பிடிபட்டுவிடும்.

குருநகர் அலை எழுதியது:

கரவெட்டி அண்ணா சொன்ன வெற்று மதிப்புப் பாதுகாப்பு, ஃப்ளட்டர் செயலிகளை எழுதும் டார்ட் மொழியிலும் 2021இலிருந்து இருக்கிறது; டார்ட் 3 வந்த 2023இலிருந்து அது கட்டாயம். ஐபோனுக்கான அப்பிளின் ஸ்விஃப்ட் மொழியில் தொடக்கத்திலிருந்தே இருக்கிறது. ஆகவே அதைக் கொட்லினுக்கு மட்டும் உரிய சிறப்பாகக் கொள்ளக் கூடாது.

நான் யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டே வெளிநாட்டு நிறுவனங்களுக்கு ஃப்ளட்டரில் வேலை செய்கிறேன். 2018 டிசெம்பரில் முதற்பதிப்பு வந்த ஃப்ளட்டர், தொலைபேசியில் உள்ள பொத்தான்களையும் பட்டியல்களையும் கடன் வாங்குவதில்லை. திரையில் தெரியும் ஒவ்வொன்றையும் தானே வரைகிறது. அதனால் மலிவான அன்ட்ரொய்டிலும் புதிய ஐபோனிலும் ஒரே தோற்றம் கிடைக்கும். நிரலில் ஒரு வரியை மாற்றிச் சேமித்தவுடன், செயலியை மறுபடி தொடங்காமலே மாற்றம் திரையில் வந்து நிற்கும். மூன்று பேர் கொண்ட அணி இரண்டு வகைத் தொலைபேசிகளுக்கு எழுத வேண்டுமென்றால், ஒரே நிரலில் இரண்டையும் முடிப்பதைவிட நியாயமான வழி எனக்குத் தெரியவில்லை.

8 ஜிபி நினைவகத்தைப் பற்றி ஒரு சொல். செயலி எழுதும் அன்ட்ரொய்ட் ஸ்டூடியோவையும், கணினிக்குள்ளேயே ஒரு தொலைபேசி போல ஓடும் எமியூலேற்றரையும் ஒன்றாகத் திறந்தால் உங்கள் மடிக்கணினி மூச்சு வாங்கும். இரண்டும் சேர்ந்து ஓட 16 ஜிபி வேண்டும். எமியூலேற்றரைக் கைவிட்டு, பழைய தொலைபேசி ஒன்றை யூஎஸ்பி கம்பியால் இணைத்து அதிலேயே ஓட்டிப் பாருங்கள். எந்த மொழியை எடுத்தாலும் இது பொருந்தும். சேகரிப்பாளர் வைத்திருப்பது போன்ற தொலைபேசியாக அது இருந்தால் இன்னும் நல்லது.

ஸ்காபரோ யாழ் எழுதியது:

ஐபோன் கேட்கும் பிள்ளைகளில் நானும் ஒருவன் என்பதால் எழுதுகிறேன். ஐபோன் செயலியைக் கட்டும் அப்பிளின் எக்ஸ்கோட் மென்பொருள் மக் கணினியில் மட்டுமே ஓடும். அப்பிளின் செயலிக் கடையில் செயலியை வைக்க ஆண்டுக்கு 99 அமெரிக்க டொலர் கட்ட வேண்டும். ஓர் ஆண்டு கட்டத் தவறினால் செயலி கடையிலிருந்து இறங்கிவிடும். கூகுளில் 25 டொலரை ஒரு முறை கட்டினால் போதும். மக் இல்லாதவர்களுக்குக் கோட்மஜிக், கிட்ஹப், எக்ஸ்போ போன்ற சேவைகள் தங்கள் மக் கணினிகளில் செயலியைக் கட்டித் தருகின்றன. ஆனால் ஐபோனில் மட்டும் வரும் ஒரு வழுவை மக் இல்லாமல் தேடிப் பிடிப்பது பெருஞ்சிரமம்.

நான் அன்றாடம் எழுதுவது ரியாக்ட் நேட்டிவ். பேஸ்புக் 2015இல் வெளியிட்டது. இணையத்தளம் செய்யத் தெரிந்த எவரும் ஜாவாஸ்கிரிப்டுடன் உள்ளே வரலாம் என்பதே அதன் பலம். நிரலுக்கும் தொலைபேசிக்கும் இடையிலிருந்த பழைய தகவல் பாலம் மெதுவானது என்ற குறை நீண்டகாலம் இருந்தது. 2024 ஒக்டோபரில் வந்த 0.76 பதிப்பிலிருந்து புதிய கட்டமைப்பே இயல்பிருப்பாகி அந்தப் பாலம் விலகிவிட்டது.

ஆனால் எங்களுடைய தேவை அம்மாவின் கணக்கைப் பார்ப்பது மட்டுமே. நாங்கள் எதையும் பதியப் போவதில்லை. அதற்கு ஐபோன் செயலி வேண்டியதில்லை. கைத்தொலைபேசியில் ஒழுங்காகத் தெரியும் இணையப் பக்கம் ஒன்று கடவுச்சொல்லுடன் இருந்தால் போதும். எங்களுக்காக உங்கள் உழைப்பை இரட்டிப்பாக்க வேண்டாம்.

நீர்வேலி வாழை எழுதியது:

மூவருக்கும் நன்றி. கரவெட்டி அண்ணா கேட்ட விபரங்களை எடுத்துவிட்டேன். சேகரிப்பாளர்கள் ஒன்பது பேர், எல்லோரும் அன்ட்ரொய்ட். பழையது அன்ட்ரொய்ட் 9; பெரும்பாலானவற்றில் 3 அல்லது 4 ஜிபி நினைவகம். தோட்டங்களுக்குள் சில இடங்களில் சிக்னல் முற்றாக இல்லை, வீதிக்கு வந்தால் கிடைக்கிறது. விவசாயிகளில் பாதிக்கு மேற்பட்டோரிடம் சாதாரணப் பொத்தான் தொலைபேசிதான் உள்ளது. அவர்களுக்குத் துண்டுக்குப் பதிலாகக் குறுஞ்செய்தி அனுப்பலாம் என்று நினைக்கிறோம். ஸ்காபரோ அண்ணா சொன்ன இணையப் பக்கம் எங்கள் தலையில் தோன்றவேயில்லை.

திண்ணைவேலி எழுதியது:

இளையவர்கள் நிதானமாகப் பேசுவதைப் பார்த்து மகிழ்ச்சி. நான் கற்பித்தல் துறையில் இருப்பவன். தமிழில் செயலி செய்யும் மாணவர்கள் மொழித் தேர்வில் செலவிடும் கவனத்தில் ஒரு பங்கையேனும் எழுத்துக்கும் எண்ணுக்கும் செலவிடுவதில்லை என்பது என் நீண்டகால ஆதங்கம்.

'யாழ்ப்பாணம்' என்ற சொல்லில் எத்தனை எழுத்துகள் என்று ஜாவாவையோ கொட்லினையோ டார்ட்டையோ ஜாவாஸ்கிரிப்டையோ கேளுங்கள்: 11 என்று சொல்லும். புள்ளியையும் துணைக்காலையும் தனித்தனியாக எண்ணுவதால் வரும் விடை அது. ஸ்விஃப்டைக் கேட்டால் நாம் எண்ணுவது போலவே 6 என்று சொல்லும். பெயர்ப் புலத்துக்கு 20 என்று எல்லை வைத்துவிட்டு, நீளும் பெயரை அந்த இடத்தில் வெட்டினால், கடைசி எழுத்தின் புள்ளி போய்ப் பெயரே மாறிவிடும். டார்ட்டில் 'கரக்டர்ஸ்' என்ற பொதி, அன்ட்ரொய்டில் 'பிரேக் இற்றரேற்றர்' என்ற வகுப்பு ஆகியவை இதற்கென்றே இருக்கின்றன; முதல் நாளிலிருந்தே பயன்படுத்துங்கள்.

'கொ' என்ற எழுத்தை யுனிகோட்டில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ககரத்துடன் ஒகரக் குறியை ஒன்றாக இடுவது ஒன்று, ஒற்றைக்கொம்பையும் காலையும் தனித்தனியாக இடுவது மற்றது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. தேடலுக்கு அவை வேறு வேறு. ஒரு சேகரிப்பாளரின் விசைப்பலகை ஒரு விதமாகவும் காரியாலயக் கணினி மற்ற விதமாகவும் எழுதினால், 'கொக்குவில்' என்று தேடும்போது பாதிப் பேர் காணாமற்போவார்கள். சேமிக்கும் முன் ஒரே வடிவத்துக்கு இயல்பாக்க வேண்டும். அகரவரிசையும் அவ்வாறே: குறியீட்டு எண்ணின்படி வரிசைப்படுத்தினால் ழகரமும் றகரமும் னகரமும் தம் இடத்தில் நிற்கா; இயங்குதளம் தரும் தமிழ் வரிசைப்படுத்தியை அழையுங்கள்.

குறுஞ்செய்தி என்றீர்கள். ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 இடம். தமிழில் 70 மட்டுமே. அதை மீறினால் செய்தி துண்டுகளாகப் பிரியும், ஒவ்வொரு துண்டுக்கும் 67 இடம், ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம். சற்று முன் பார்த்த ஊர்ப்பெயரே 11 இடத்தைப் பிடிக்கும் என்றால், விவசாயியின் பெயர், வாழையின் வகை, நிறை, தொகை எல்லாவற்றையும் 70க்குள் அடக்க உட்கார்ந்து யோசிக்க வேண்டும்.

பணத்தையும் நிறையையும் தசம எண்ணாக வைக்காதீர்கள். இந்த மொழிகள் எல்லாவற்றிலும் சாதாரணத் தசமக் கூட்டலில் 0.1உடன் 0.2ஐக் கூட்டினால் 0.30000000000000004 வரும். கணக்கைச் சதத்திலும் நிறையைக் கிராமிலும் முழு எண்ணாகச் சேமித்து, திரையில் காட்டும்போது மட்டும் ரூபாயாகவும் கிலோவாகவும் மாற்றுங்கள். சங்கத்தின் பேரேட்டுடன் ஒரு சதம் இடித்தாலும் விவசாயியின் நம்பிக்கை போய்விடும். அவர் மீண்டும் கொப்பியைத்தான் கேட்பார்.

இவற்றையெல்லாம் எந்த மொழியிலும் செய்யலாம். மொழியைத் தெரிவு செய்வதற்கு நான் கேட்கும் கேள்வி வேறு. பட்டம் பெற்ற பின் நீங்கள் மூவரும் எங்கே இருப்பீர்கள்? ஒருவர் கொழும்புக்குப் போவார், ஒருவர் மேற்படிப்புக்குப் போவார், போகத்தான் வேண்டும். அப்போது இந்த நிரலைத் திறந்து ஒரு வரி மாற்றக் கூடியவர் யாழ்ப்பாணத்தில் யார்? அவருக்கு எது புரியுமோ அதில் எழுதுங்கள்.

குருநகர் அலை எழுதியது:

சேர், நீங்கள் கடைசியாகச் சொன்னதை முழு மனத்துடன் ஏற்கிறேன். ஆனால் அந்தக் கேள்விக்கு என் விடை ஃப்ளட்டர். இன்று யாழ்ப்பாணத்தில் சிறு நிறுவனங்களிலும் தனியாகவும் செயலி செய்யும் இளைஞர்களில் எனக்குத் தெரிந்தவர்கள் பலர் ஃப்ளட்டரிலேயே வேலை செய்கிறார்கள். சங்கம் ஒருவரைத் தேடும்போது அவர்கள் கிடைப்பார்கள்.

கரவெட்டியான் எழுதியது:

ஆட்கள் கிடைப்பது உண்மைதான், ஆனால் கருவியின் ஆயுளையும் பார்க்க வேண்டும். ஒரே நிரலில் எல்லாத் தொலைபேசிக்கும் என்ற வாக்குறுதியுடன் வந்த ஃபோன்கப்பை அடோபி 2020இல் நிறுத்தியது. அதே வகைக் கருவியான சமரினுக்கு மைக்ரோசொப்ட் 2024 மே 1ஆம் திகதியுடன் ஆதரவை முடித்து, எல்லோரையும் அதன் அடுத்த தலைமுறையான மவுயிக்கு மாறச் சொன்னது. ரியாக்ட் நேட்டிவில் முழுமூச்சாக இறங்கிய எயார்பிஎன்பி 2018இல் அதிலிருந்து விலகித் தனித்தனி நிரலுக்குத் திரும்பியது. 2024 ஏப்ரலில் கூகுள் ஆட்குறைப்புச் செய்தபோது ஃப்ளட்டர், டார்ட் அணிகளிலும் சிலர் வேலை இழந்தார்கள். ஃப்ளட்டர் போய்விடும் என்று நான் சொல்லவில்லை. அது திறந்த மூல நிரல், உலகம் முழுவதும் பயன்படுகிறது. இயங்குதளத்துக்கும் உங்களுக்கும் நடுவில் இன்னொரு அடுக்கு இருந்தால், அந்த அடுக்கையும் யாரோ பராமரித்துக்கொண்டேயிருக்க வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வருவது.

கூகுள் பிளேயில் ஒரு செயலி இருக்க வேண்டுமென்றால், அது குறிவைக்கும் அன்ட்ரொய்ட் பதிப்பை ஆண்டுதோறும் உயர்த்திக்கொண்டே வர வேண்டும். 2025 ஓகஸ்ட் 31இலிருந்து புதிய செயலிகளும் இற்றைப்படுத்தல்களும் அன்ட்ரொய்ட் 15ஐக் குறிவைக்க வேண்டும் என்றானது. அப்படி உயர்த்தும்போது, இயங்குதளத்தின் சொந்த நூலகங்களை மட்டும் நம்பிய செயலிக்கு வேலை குறைவு. வெளியார் எழுதிய பொதிகள் இருபதைச் சேர்த்திருந்தால், அவற்றில் ஒன்றைப் பராமரித்தவர் கைவிட்டிருந்தாலே நீங்கள் மாட்டிக்கொள்வீர்கள். ஃப்ளட்டரையே எடுத்தாலும் பொதிகளைக் கஞ்சத்தனமாகச் சேருங்கள்.

சிக்னல் இல்லாத தோட்டத்துக்கு வருகிறேன். பதிவு முதலில் தொலைபேசியிலேயே எஸ்கியூலைட் தரவுத்தளத்தில் விழ வேண்டும். கொட்லினில் அதற்கு ரூம் என்ற நூலகம் உண்டு. ஒவ்வொரு நிறுவைக்கும் தொலைபேசியே தனித்த அடையாள எண்ணை உருவாக்க வேண்டும், சேவையகம் கொடுக்கும் வரை காத்திருக்கக் கூடாது. வீதிக்கு வந்து சிக்னல் கிடைத்தவுடன் வேர்க் மனேஜர் என்ற அன்ட்ரொய்ட் நூலகம் அதைப் பின்னணியில் அனுப்பும். அனுப்பும் நடுவில் இணைப்பு அறுந்து அதே பதிவு இரண்டாம் முறை போனாலும், அடையாள எண் ஒன்றே என்பதால் சேவையகம் அதை ஒரு முறையே ஏற்கும். இல்லாவிட்டால் ஒரு குலைக்கு இரண்டு முறை காசு எழுதப்படும். பதிந்ததை அழிக்கவோ திருத்தவோ விட வேண்டாம். பிழையென்றால் திருத்தப் பதிவு ஒன்றைப் புதிதாகச் சேர்க்கட்டும், பேரேட்டில் செய்வது போல.

பல மலிவு விலைத் தொலைபேசிகள் மின்கலத்தைச் சேமிக்கிறோம் என்று பின்னணி வேலைகளை நிறுத்திவிடுகின்றன. ஆகவே இன்னும் அனுப்பப்படாத பதிவுகளின் எண்ணிக்கையை முதல் திரையிலேயே பெரிதாகக் காட்டி, அருகில் 'இப்போது அனுப்பு' என்று ஒரு பொத்தானும் வையுங்கள்.

ஸ்காபரோ யாழ் எழுதியது:

சேவையகப் பக்கத்துக்குப் பைதன் எடுத்தால் நல்லது. உயர்தர தகவல் தொழினுட்பப் பாடத்திலேயே பிள்ளைகள் பைதன் படிக்கிறார்கள். திண்ணைவேலி சேர் கேட்ட அந்த ஊர்க்காரர் அங்கே எளிதில் கிடைப்பார். பைதனில் இணையத்தளம் கட்டும் கருவியான டிஜாங்கோவில் நிருவாகப் பக்கம் தானாகவே வந்துவிடுவதால் காரியாலயத்துக்குத் தனித் திரை எழுதும் வேலையும் மிச்சம். எங்களுக்கான கணக்குப் பக்கத்தையும் அதிலேயே செய்யலாம்.

நீர்வேலி வாழை எழுதியது:

மூவரும் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்திருக்கிறோம். பதிவு செய்பவர்கள் எல்லோரும் அன்ட்ரொய்ட் என்பதாலும், வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு இணையப் பக்கம் போதும் என்பதாலும், இரண்டு தொலைபேசிக்கும் ஒரே நிரல் என்ற பெரிய காரணம் எங்கள் விடயத்தில் இல்லாமற்போகிறது. ஆகவே சேகரிப்பாளர் செயலி கொட்லினிலும் கொம்போஸிலும். சேவையகமும் கணக்குப் பக்கமும் டிஜாங்கோவில். ஃப்ளட்டர் சொன்ன நண்பர் வருத்தத்துடன்தான் ஒத்துக்கொண்டார். நாளை சேகரிப்பாளர் ஒருவர் ஐபோனுடன் வந்தால் என்ன செய்வது என்பது அவர் கேள்வி.

குருநகர் அலை எழுதியது:

உங்கள் தேவைக்கு அது சரியான முடிவு என்று இப்போது நானும் சொல்வேன். நண்பரின் கேள்விக்கும் வழி உண்டு. ஒரே கொட்லின் நிரலைப் பல இயங்குதளங்களில் ஓட்ட உதவும் கொட்லின் மல்ரிபிளட்ஃபோம் 2023 நவெம்பரில் நிலையான நிலையை எட்டியது. அதன் துணையுடன் கொம்போஸில் எழுதிய திரைகளை ஐபோனிலும் ஓட்டும் வசதி 2025 மே மாதத்தில் நிலையானது. கணக்குக் கூட்டும் பகுதியையும் ஒத்திசைக்கும் பகுதியையும் அன்ட்ரொய்டுக்கே உரிய வகுப்புகளுடன் கலக்காமல் தனித் தொகுதியாக எழுதி வைத்தால், அவற்றைப் பின்னர் ஐபோனுக்கும் எடுத்துச் செல்லலாம். இன்று அதற்கென்று எதையும் நிறுவ வேண்டாம். பிரித்து எழுதினால் போதும்.

ஒரு வேண்டுகோள். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. 'அனுப்பப்படாத பதிவுகள்' என்பதைச் சிறிய தொலைபேசியில், எழுத்துருவைப் பெரிதாக்கி வைத்திருக்கும் ஒரு சேகரிப்பாளரின் திரையில் பாருங்கள். பொத்தானின் உயரத்தை நிலையாக வைத்தால் இகர ஈகாரக் குறிகளின் தலை வெட்டுப்படும். உயரத்தை எழுத்தே தீர்மானிக்கட்டும்.

நீர்வேலி வாழை எழுதியது:

நன்றி அக்கா. இனிக் கேட்க இருப்பது வெளியிடுவது பற்றி மட்டுமே. கூகுள் பிளே கணக்கை என் பெயரில் திறக்கலாமா?

திண்ணைவேலி எழுதியது:

வேண்டாம் பிள்ளை. கணக்கு சங்கத்தின் பெயரிலும் சங்கத்தின் மின்னஞ்சலிலும் இருக்கட்டும், நிரற்களஞ்சியமும் அப்படியே. செயலியைக் கையொப்பமிடும் திறவுகோலையும் அதன் கடவுச்சொல்லையும் தலைவரிடமும் செயலாளரிடமும் எழுத்தில் ஒப்படையுங்கள். நிரலை எப்படிக் கட்டுவது, சேவையகத்தை எப்படி மீட்பது என்பதைத் தமிழில் இரண்டு பக்கத்துக்கு எழுதி, உங்கள் அணியில் இல்லாத இளைய மாணவர் ஒருவரிடம் கொடுத்து, அவர் தன் கணினியில் செய்து முடிக்கிறாரா என்று பாருங்கள். அவர் தடுக்கிய இடங்களைத் திருத்துங்கள்.

கரவெட்டியான் எழுதியது:

சேர் சொன்னபடி சங்கத்தின் பெயரில் நிறுவனக் கணக்குத் திறக்க, டன்ஸ் எனப்படும் வணிக அடையாள எண் ஒன்று கேட்பார்கள். அதற்கு விண்ணப்பித்துக் கிடைக்க நாளெடுக்கும் என்பதால் இப்போதே தொடங்குங்கள். தனிநபர் கணக்கென்றால், 2023 நவெம்பர் 13க்குப் பிறகு திறந்தவற்றுக்கு வேறொரு நிபந்தனை இருக்கிறது: பொதுவில் வெளியிடும் முன் குறைந்தது 12 பேர் தொடர்ந்து 14 நாள் மூடிய சோதனையில் இருக்க வேண்டும்.

உங்களுக்குப் பொது வெளியீடே தேவைப்படாமலும் போகலாம். பிளேயின் உள்ளகச் சோதனைத் தடத்தில் 100 பேர் வரை சேர்க்கலாம். ஒன்பது சேகரிப்பாளர்களுக்கு அது தாராளம். முதற் பருவத்தை அந்தத் தடத்திலேயே நடத்துங்கள். அந்தக் காலத்தில் சேகரிப்பாளர்கள் கொப்பியிலும் எழுதட்டும். ஒவ்வொரு பின்னேரமும் இரண்டு கணக்கையும் காரியாலயத்தில் ஒப்பிட்டு, சதம் பிசகாமல் வரும் வரை கொப்பியை நிறுத்த வேண்டாம். ரூமில் அட்டவணைகளை வரைந்ததும் இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.